இராயக்கோட்டையைப் படமெடுத்த காப்டன் டிரைப்

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகத் தெற்கே வருகிறவர்கள், மைசூர்ப் பீடபூமியை விட்டுத் தர்மபுரிச் சீமையில் இறங்கும் தறுவாயில் இராயக்கோட்டை மலையைக் காண்பார்கள். மேட்டு நிலத்தின் விளிம்பில் காவற்காரனைப் போல நிற்கும் மலை அது. அதன் மேலுள்ள துர்க்கத்தைத் திப்பு சுல்தானின் ஆட்களிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் சேனை 1791-ம் வருஷம் கைப்பற்றியது. மறு வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் சீமை கும்பினியாரின் வசமாயிற்று. பீரங்கியோடு அங்கே வந்தவர்களைப் பற்றி நமது சரித்திரப் புஸ்தகங்கள் பேசுகின்றன. ஏறக்குறைய அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊருக்குக் காமிராவோடு வந்த ஒருவரைப் பற்றி அவை பேசுவதில்லை. அவர்தான் காப்டன் லின்னேயஸ் டிரைப். இராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களையும் காட்டும் அவருடைய படத் தொகுதி 1858-ல் வெளிவந்தது.

அன்று சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த இப்பகுதி 1965-ல் தர்மபுரி ஜில்லாவாகப் பிரிந்தது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானபோது இராயக்கோட்டை அதனோடு சென்றது. ஜில்லாவின் பெயர் மாறினாலும் மலை மாறவில்லை. அந்த மலை நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் எப்படியிருந்தது என்று இன்று ஒருவர் கேட்டால், வாய்மொழியை நம்பாமல் கண்ணாற் கண்டு சொல்லக்கூடிய நிலையில் நாம் இருப்பது இந்த ஒரு மனிதரின் உழைப்பினால். மேனாட்டுப் படக்கலை வரலாற்றில் பிரசித்தமான அவருடைய பெயர் தமிழ்நாட்டில் போதிய அளவு தெரியாதிருப்பது வருந்தத்தக்கது. ஆகவே அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கிச் சொல்ல விரும்புகிறோம். அவரைப் புகழ்வது மட்டும் நமது நோக்கமன்று. அவர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு.

டிரைப் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்ஷயரில் டெவன்போர்ட் என்னும் துறைமுகப்பட்டணத்தில் 1822-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். தகப்பனார் வைத்தியர். ஸ்வீடன் தேசத்துத் தாவர சாஸ்திரி லின்னேயஸ், உலகத்துச் செடிகொடிகளையெல்லாம் இனம் பிரித்து வரிசைப்படுத்தியவர். அந்தப் பெயரே இந்தப் பிள்ளைக்கும் அமைந்தது. பிற்காலத்தில் இவரும் கோயில்களையும் கோட்டைகளையும் ஒழுங்காக வரிசைப்படுத்திப் படமெடுத்ததை நினைக்கும்போது, பெயர் வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களுக்கு, பிள்ளைகள் மிகுந்தால் இந்தியா ஒரு வழியாக இருந்தது. டிரைப் 1838-ல், பதினாறு வயதில், கும்பினிப் படையில் சேர்ந்தார். சென்னை ராஜதானியின் பன்னிரண்டாவது சுதேசி காலாட்படையில் உத்தியோகமாயிற்று. பத்தாண்டுகளுக்கு மேல் அவர் சாதாரணச் சேனை அதிகாரியாகவே காலங்கழித்தார். ஓவியப் பள்ளியில் பயின்றவரல்லர். ரஸாயன சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவருமல்லர். அவர் வாழ்க்கையைத் திருப்பியது 1850-களின் தொடக்கத்தில் கிடைத்த நீண்ட விடுமுறை. தாய்நாடு சென்றவர் உடல்நலக் குறைவால் அங்கேயே சில வருஷங்கள் தங்க நேர்ந்தது.

அப்போது இங்கிலாந்தில் ஒரு புதிய வித்தை பரவிக்கொண்டிருந்தது. பிரான்ஸில் டாகேர் என்பவர் வெள்ளித் தகட்டில் ஒளியினால் உருவம் பதியும் முறையை 1839-ல் வெளியிட்டார். இங்கிலாந்தில் டால்பட் என்பவர் காகிதத்தில் நெகடிவ் எடுத்து, அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கும் முறையை 1841-ல் பதிவு செய்தார். பிரான்ஸைச் சேர்ந்த லெ கிரே அந்தக் காகிதத்தில் மெழுகேற்றி மேலும் செம்மைப்படுத்தினார். லண்டனில் 1853-ல் போட்டோகிராபிக் சங்கம் ஏற்பட்டபோது அதில் சேர்ந்த முதல் அங்கத்தினர்களில் டிரைப்பும் ஒருவர். தம் ஊர்க் கப்பல் துறையில் நின்ற மரக்கலங்களையும் கட்டடங்களையும் படமெடுத்துக் கையைப் பழக்கிக்கொண்டார். கப்பலின் பாய்மரமும் கயிறும் ஒன்றோடொன்று சிக்கி நிற்கும் தோற்றத்தை ஒரு சட்டத்துக்குள் ஒழுங்குபடுத்தக் கற்றவர், பின்னாளில் ஆயிரக்கால் மண்டபத்தின் முன் நின்றபோது திகைக்கவில்லை.

1854-ல் பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வருஷம் டிசம்பரில் யாருடைய உத்தரவும் இல்லாமல், யாருடைய சம்பளமும் பெறாமல், சொந்த ஆசையினால் மைசூர் நாட்டின் ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகொளா முதலிய ஸ்தலங்களுக்குச் சென்று படமெடுத்தார். அதற்கு முன் யாரும் படமெடுத்திராத கோயில்கள் பல அவற்றில் இருந்தன. 1855 பிப்ரவரியில் சென்னையில் நடந்த கண்காட்சியில் 68 படங்களை வைத்தார். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் அவையே சிறந்த வரிசை என்று நடுவர்கள் தீர்ப்புக் கூறினார்கள். இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய நல்ல வேலை உத்தியோகத்தினால் பிறந்ததன்று. நல்ல வேலையைக் கண்டு உத்தியோகம் பின்னால் வந்தது.

கும்பினியாருக்கும் அப்போது இவ்வித்தை தேவைப்பட்டது. பழைய கட்டடங்களைச் சித்திரக்காரர்களைக் கொண்டு வரைவிப்பதற்குப் பணமும் காலமும் அதிகம் செல்லும். வரைகிறவனின் கற்பனையும் ஊடே புகுந்துவிடும். காமிராவோ கல்லிலுள்ள பொளிவைக்கூட விடாமல் காட்டும். ஆகவே பம்பாய் ராஜதானியிலும் சென்னை ராஜதானியிலும் படமெடுப்பவர்களைச் சர்க்கார் நியமிக்கலாயிற்று. ஆளப்பட்ட நாட்டை அளந்து, எண்ணி, பெயரிட்டு, படமெடுத்து வைப்பது ஆட்சியின் ஓர் அங்கம். இதை நாம் மறைத்துப் பேசுவது சரியன்று. டிரைப்பின் காமிராவுக்குப் பின்னால் நின்றது கும்பினியின் பொக்கிஷம்.

அடுத்து வந்தது பர்மாப் பயணம். இரண்டாவது பர்மிய யுத்தத்தில் பெகு நாட்டைப் பறித்துக்கொண்ட பிறகு, மின்டோன் அரசரிடம் உடன்படிக்கைக் கையெழுத்து வாங்குவதற்காக கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பிரபு 1855-ல் ஒரு தூதுகோஷ்டியை அனுப்பினார். ஆர்தர் பேர் தலைவர், ஹென்றி யூல் காரியதரிசி, டிரைப் படமெடுப்பவர். மின்டோன் அரசர் உபசாரம் செய்தாரேயன்றி, தம் நாட்டின் ஒரு பகுதியைத் தாரைவார்க்கும் கையெழுத்தைக் கடைசிவரை போடவில்லை. தூது பலிக்கவில்லை, படங்கள் மிஞ்சின. மழைக்காலமும் நோயும் பாதி நாட்களைத் தின்றுவிட்டபோதிலும் இருநூறுக்கு மேற்பட்ட நெகடிவ்களோடு டிரைப் திரும்பினார். அவற்றில் 120-ஐத் தேர்ந்து ஐம்பது பிரதித் தொகுதிகள் தயாரித்தார். அதாவது ஆறாயிரம் படங்கள். ஒவ்வொன்றும் பெங்களூர் வெயிலில் கையால் அச்சானவை.

1856-ல் சென்னை ராஜதானியின் சர்க்கார் படமெடுப்பாளராக அவர் நியமனம் பெற்றார். அப்போது கவர்னராக இருந்த ஹாரிஸ் பிரபு இம்முயற்சிக்கு ஆதரவாக நின்றார். அந்த உத்தியோகத்தின் பெரும் பயணம் 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டது. அந்த வருஷத்தை நேயர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. மீரத்தில் மே மாதம் மூண்ட பெருந்தீ வடநாடெங்கும் எரிந்துகொண்டிருந்தது. டில்லி செப்டம்பரில் வீழ்ந்தது. லக்னோவில் போர் ஓயவில்லை. சுதேசிச் சிப்பாய்களைக் கண்டு ஒவ்வொரு ஐரோப்பிய அதிகாரியும் அஞ்சிய அந்தக் காலத்தில், ஒரு சுதேசிப் படைப்பிரிவின் காப்டன் காமிராவையும் ரஸாயனப் புட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுச் சாலைகளில் சென்றார். சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு முதலிய இடங்களில் படமெடுத்து, 1858-ன் வசந்தத்தில் சென்னை சேர்ந்தார். ஏறக்குறைய நாலரை மாதப் பயணம்.

பயணம் எத்தகையது என்பதை இக்காலத்தார் ஊகிப்பது கடினம். இன்று பையிலிருக்கும் சிறு கருவியால் நொடிக்கு ஒரு படம் எடுக்கிறோம். அன்று சிறு நெகடிவிலிருந்து பெரிய படம் அச்சிடும் வசதி வழக்கத்தில் இல்லை. நெகடிவையும் உப்புக் காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெயிலில் காட்டித்தான் அச்சிட வேண்டும். ஆகவே படம் எவ்வளவு பெரியதோ, நெகடிவும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும். காமிராவும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். டிரைப்பின் நெகடிவ் ஏறக்குறைய பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம். அத்தனை பெரிய பெட்டியைத் தூக்கி நிறுத்தி, வெள்ளி உப்பேற்றிய காகிதத்தை இருட்டில் செருகி, கண்ணாடியின் மூடியைத் திறந்துவிட்டுப் பல நிமிஷங்கள் காத்திருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் ஈரப் பசையிட்டு எடுக்கும் புதிய முறை 1851-லேயே வந்துவிட்டது. ஆனால் அத்தகடு காய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். நமது நாட்டு வெயிலில் அது எளிதல்ல. மெழுகேற்றிய காகிதத்தையோ முன்கூட்டியே தயார் செய்து கொண்டுபோகலாம். எடுத்த பிறகும் சாவகாசமாக உருவை வெளிக்கொணரலாம். உடையும் பயமும் இல்லை. ஆகவே தூரப் பயணத்துக்கு அவர் பெரும்பாலும் காகிதத்தையே நம்பினார்.

இம்முறையின் விளைவு ஒன்று அவர் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு உடனே புலப்படும். தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. மண்டபங்களில் ஆளில்லை. மதுரையில் ஜனங்கள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். ஆனால் நடமாடுகிறவனின் உருவம் அந்தக் காகிதத்தில் பதியாது. பல நிமிஷம் கல்லைப் போல நின்றவனுக்கே படத்தில் இடமுண்டு. கல் பதிந்தது, கல்லைச் செதுக்கியவனின் சந்ததி பதியவில்லை. இதை நாம் குற்றமாகக் கூறவில்லை. கருவியின் இயல்பு அது. ஆயினும் ஜனங்களில்லாத இந்தியாவின் படங்கள், இது பாழடைந்த பழம்பெருமையின் நாடு, உயிருள்ள நாடன்று என்ற எண்ணத்தைச் சீமையில் பார்த்தவர்களுக்கு ஊட்டியிருக்கக்கூடும். படம் பொய் சொல்லாவிட்டாலும், முழு உண்மையையும் சொல்லிவிடுவதில்லை.

அவருடைய வேலை முறையில் மூன்று குணங்களைக் காண்கிறோம். முதலாவது, இடம் தேர்தல். நில அளவைக்காரனைப் போல அவர் கட்டடத்தைச் சுற்றி வந்து, அதன் அமைப்பு முழுவதும் விளங்கும் ஒரு கோணத்தைக் கண்டபின் பெட்டியை நிறுத்துவார். நேர் எதிரே நின்று எடுப்பதைவிட, ஒரு மூலையிலிருந்து சாய்வாக நோக்கி, தூண்வரிசை ஆழ்ந்து செல்லும்படி அமைப்பதில் அவருக்குப் பிரியம் அதிகம். இரண்டாவது, ஒளியறிவு. சிற்பத்தின் பள்ளமும் மேடும் எந்த வேளை வெயிலில் விளங்கும் என்று பார்த்து அவர் எடுத்தவையே கல்லின் சொரசொரப்பைக் கையால் தடவிப் பார்க்கலாம் போலத் தோன்றுகின்றன. மூன்றாவது, செம்மை. அக்கால ரஸாயனம் நீல வானத்தைச் சரியாகப் பிடிக்காது. வானம் வெறும் வெள்ளையாகவே அச்சாகும். டிரைப் நெகடிவின்மேல் நுண்ணிய தூரிகையால் வர்ணம் பூசி, மேகங்களை வரைந்தார். மங்கிய இலைகளையும் விளக்கினார். மெய்யைப் பதிவு செய்யப் போனவர் மேகத்தை வரையலாமோ என்று கேட்பவர்கள் உண்டு. அவர் கல்லை மாற்றவில்லை, கோபுரத்தை உயர்த்தவில்லை. வானத்தை மட்டும் வானமாகக் காட்டினார் என்பதே அவர் சார்பில் சொல்லத்தக்க சமாதானம்.

இனி, அப்படங்கள் நமக்கு எவ்வாறு பயன்படுகின்றன என்று பார்ப்போம். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை இன்று பார்க்கிறவர்கள் பழுது பார்த்த மகாலைப் பார்க்கிறார்கள். 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் காலத்தில் அதற்குத் திருப்பணி நடந்தது. அதற்கு முன் அந்த அரண்மனை எவ்வளவு சிதைந்து கிடந்தது என்பதற்கு டிரைப்பின் படங்கள் சாட்சி. எது நாயக்கர் காலத்து வேலை, எது பின்னால் பூசியது என்று ஆராய்கிறவர்களுக்கு அவை கிடைத்தற்கரிய ஆதாரங்கள். புது மண்டபத்தையும், வைகையாற்றின் குறுக்கே இருந்த பாதையையும் அவர் எடுத்திருக்கிறார்.

தஞ்சையில் அவர் செய்தது இன்னும் பெரிது. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பீடத்தில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் வரிவரியாக ஓடுகின்றன. அவற்றை அன்று படித்துப் பொருள் கூறுவோர் அரியர். கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்பதே அப்போது படித்தவர்களிடத்தும் தெளிவாக விளங்காதிருந்தது; கரிகாலன் கட்டினான் என்பது போன்ற ஸ்தல புராணக் கதைகள் வழங்கிவந்தன. தமக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துக்களின் முன் டிரைப் காமிராவை நிறுத்தி, சிறிது சிறிதாக நகர்த்தி, அடுத்தடுத்து 21 படங்கள் எடுத்தார். அவற்றை ஒட்டி நீட்டினால் ஏறக்குறைய 19 அடி நீளம். சுவரின் கோணம் மாறாமல், எழுத்தின் அளவு மாறாமல், ஒரு படத்தின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் பொருந்தும்படி எடுப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும்! கல்வெட்டுகளைச் சர்க்கார் சாசன பரிசோதகர் ஹூல்ஷ் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதியில் வெளியிடலானார். இராசராசனின் கொடைகளும், கோயிற் பணியாளர் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும் உலகத்துக்குத் தெரியவந்தன. அதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே, படிக்க முடியாத எழுத்தையும் பத்திரப்படுத்த வேண்டுமென்று நினைத்தவர் டிரைப். தனக்குப் பொருள் விளங்காததையும் மதித்துக் காப்பது உயர்ந்த கல்வியின் லட்சணமென்று நாம் கருதுகிறோம்.

சென்னை மியூசியத்தில் அவர் எடுத்த படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதியிலிருந்த பௌத்த ஸ்தூபத்தின் சலவைக்கல் சிற்பங்களை வால்டர் எலியட் 1845-ல் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருந்தார். 1858-ல் டிரைப் அவற்றைப் படமெடுத்தார். மறு வருஷமே அவை கப்பலேறி லண்டனுக்குச் சென்றன; இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. இந்திய மண்ணில் அவை கழித்த கடைசி நாட்களின் உருவம் அப்படங்களில் இருக்கிறது. எடுத்தவர் கும்பினியின் ஊழியர். கொண்டுபோனதும் அதே சர்க்கார்தான். எதிர்க்கட்சிக்காரன் தன் சௌகரியத்துக்காக எழுதி வைத்த தஸ்தாவேஜு, பிற்பாடு நமது வழக்குக்கே பலமான சாட்சியமாவதை நியாய ஸ்தலங்களில் பழகியவர்கள் அறிவார்கள். டிரைப்பின் படங்கள் அத்தகைய தஸ்தாவேஜுகள். எழுதுவித்தவனின் நோக்கம் எதுவாயினும், பதிவானது நமது சொத்தின் ஜாபிதா.

இவ்வளவு வேலையையும் ஒருவரே செய்திருக்க முடியாது. சென்னையில் டாக்டர் அலெக்ஸாந்தர் ஹண்டர் 1850-ல் ஏற்படுத்திய கலைப் பள்ளியைச் சேர்ந்த ஐயாசாமி என்னும் தமிழர் டிரைப்புக்கு உதவியாளராக இருந்தார். பின்னாளில் அவர் தாமே படமெடுப்பவராகி, அப்பள்ளியின் சார்பில் பழைய கட்டடங்களைப் படமெடுத்தார். டிரைப்பின் பிறந்த தேதியும் இறந்த தேதியும் நமக்குத் தெரிகின்றன. அவர் நோய்வாய்ப்பட்ட நாட்களுக்குக்கூடக் கணக்கிருக்கிறது. ஐயாசாமியைப் பற்றியோ பெயருக்கு மேல் எழுதிவைத்தவர்கள் அதிகமில்லை. வண்டியோட்டியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், வெயிலில் அச்சுச் சட்டங்களைத் திருப்பி வைத்தவர்கள் இவர்களுக்குப் பெயரும் இல்லை. தமிழர் கையும் இப்படங்களில் இருக்கிறது என்பதை மறவாமலிருப்பது நமது கடமை.

இனி முடிவைச் சொல்வோம். 1857-ன் கலகத்தை அடக்குவதில் சர்க்காரின் கஜானா வற்றிப்போயிற்று. 1858-ல் கும்பினியின் ஆட்சி போய் இங்கிலாந்து மகாராணியின் ஆட்சி வந்தது. 1859-ல் சர் சார்லஸ் டிரெவெலியன் சென்னைக் கவர்னரானார். அயர்லாந்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிந்த 1840-களின் பஞ்சத்தின்போது, நிவாரணப் பணத்தை எண்ணி எண்ணிக் கொடுத்ததற்காகப் பேர் போனவர் அவர். டிரைப்பின் இலாகாவின் கணக்கைப் பார்த்தார். இக்காலத்து நிதி நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் இது என்று முடிவு கட்டி, வேலையை நிறுத்த உத்தரவிட்டார். 1860-க்குள் இலாகா கலைந்தது. ஏட்டில் சில ரூபாய் மிச்சமாயிற்று. ராஜதானியில் டிரைப் எட்டிப் பார்க்காத கோயில்களும் கோட்டைகளும் எத்தனையோ இருந்தன. அவற்றின் அன்றைய உருவம் என்றைக்குமாக நமக்கு இல்லாமற் போயிற்று. சிக்கனம் செய்த கவர்னரோ, புது வரிகளை எதிர்த்துத் தம் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டதனால் அதே 1860-ல் திருப்பி அழைக்கப்பட்டார்.

டிரைப்புக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. கலையில் கை முதிர்ந்து, கண் தெளிந்திருந்த காலம். அதன்பின் அவர் பெரும்பாலும் காமிராவைத் தொடவில்லை. பத்தாண்டுகள் கழித்துப் பர்மாவில் இருந்தபோது சில படங்கள் எடுத்ததோடு சரி. மீண்டும் சேனை உத்தியோகத்திலேயே காலங்கழித்து, கௌரவ மேஜர் ஜெனரல் அந்தஸ்தோடு ஓய்வு பெற்று, பிறந்த ஊருக்கே திரும்பினார். 1902-ம் வருஷம் மார்ச் 2-ந் தேதி டெவன்போர்ட்டில் காலமானார். அவர் படமெடுத்து வாழ்ந்த காலம் பத்து வருஷங்கூட இல்லை. நாற்பதாண்டுக்கு மேல் அவர் அதை மறந்தவராகவே இருந்தார். உலகமும் அவரை நெடுநாள் மறந்தது. 2014, 2015-ம் வருஷங்களில் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய கலைக்கூடங்கள் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தன. மதுரையையும் தஞ்சையையும் திருச்சியையும் அந்நகரத்து மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அந்நியன் எடுத்த படத்தைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அவனல்லவா நமது பெருமையைக் காட்டினான் என்று வேறு சிலர் கைகட்டி நிற்கலாம். இரண்டு நிலையும் நமக்கு உடன்பாடல்ல. கோயிலை எழுப்பியவன் சோழன், செதுக்கியவன் தமிழ்த் தச்சன், காத்தவர்கள் ஊரார். அதன் பெருமைக்கு எந்தத் துரையின் சான்றும் வேண்டியதில்லை. ஆனால் தன் கடமையை ஒருவன் முழு மனத்தோடும் முழுத் திறமையோடும் செய்தால், அது அவனுடைய எஜமானனின் நோக்கத்தையும் கடந்து நிற்கும். கும்பினி போய்விட்டது. அதன் பின் வந்த மகாராணியின் ராஜ்யமும் 1947-ல் போய்விட்டது. இராயக்கோட்டையின் படம் இருக்கிறது. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம்.

கேட்க வேண்டிய கேள்வி நம்மையே நோக்கியது. பதிவு செய்வது ஆடம்பரம் என்று சொன்ன டிரெவெலியனை நாம் குறை கூறுகிறோம். சுதந்திரம் பெற்ற நாம் அவரைவிட எவ்வளவு மேலாக நடந்துகொண்டோம்? திருப்பணி என்ற பெயரால் பழைய சுவரோவியங்களின்மேல் சுண்ணாம்பு அடித்த கோயில்கள் எத்தனை! கல்வெட்டை மறைத்துச் சிமெண்டு பூசிய தர்மகர்த்தாக்கள் எத்தனை பேர்! பூசுமுன் ஒரு படம் எடுத்துத் தேதி குறித்து வைத்தார்களா? பழைய ஸ்டூடியோக்களின் நெகடிவ்கள், கடை மூடும்போது காயலான் கடைக்குப் போகின்றன. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய படங்களைக் கறையான் தின்கிறது. தகடூர் என்று சங்க காலத்தில் பேர் பெற்ற தர்மபுரிச் சீமையில், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும், ஆநிரை காத்து மாண்ட வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் இருக்கின்றன. அவற்றில் சில தர்மபுரி மியூசியத்தைச் சேர்ந்து பத்திரமாயின. சேராதவை துணி துவைக்கும் கல்லாகவும் வாசற்படியாகவும் தேய்கின்றன.

இதற்குச் சர்க்காரை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இன்று காமிரா இல்லாத வீடில்லை. மாட்டு வண்டி வேண்டாம். மெழுகுக் காகிதம் வேண்டாம். ஒவ்வோர் ஊரிலும் விஷயமறிந்த பத்துப் பேர் சேர்ந்து, தங்கள் கோயிலையும் குளத்தையும் கோட்டையையும் நடுகல்லையும் நான்கு திசையிலிருந்தும் படமெடுத்து, இடமும் தேதியும் எடுத்தவர் பெயரும் எழுதி, ஜில்லா மியூசியத்திலோ கல்லூரிப் புஸ்தகசாலையிலோ ஒரு பிரதி சேர்த்து வைப்பது பெரிய காரியமல்ல. வேண்டியது டிரைப்பிடம் இருந்த பொறுமையும் ஒழுங்கும். பார்க்கிறவன் வியக்க வேண்டும் என்பதற்காக எடுக்காமல், நூறாண்டு கழித்து வருகிறவனுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக எடுக்க வேண்டும். ஜில்லாதோறும் இத்தகைய படக் காப்பகம் ஒன்று ஏற்படச் சர்க்கார் உதவினால் அது போற்றத்தக்கது. உதவாவிட்டாலும் வேலை நிற்கலாகாது.

நமது முன்னோர் செய்ததைப் பிறர் பதிந்து வைத்தார்கள். அதையும் பிறர் ஊரில் போய்ப் பார்க்கிறோம். நாம் பதிவதையேனும் நமது பிள்ளைகள் நமது ஊரிலேயே பார்க்கும்படி செய்வோமாக. அந்த வேலையைப் பெங்களூர்ச் சாலையின் முனையில் நிற்கும் இராயக்கோட்டையிலிருந்தே தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் இளைஞர்கள் தொடங்கலாம் என்பது நமது ஆசை.